துள்ளும் முள்

திருகோணமலைத் துறைமுகத்தின் உப்புக்காற்று இரும்பை மட்டுமன்றிச் செப்பையும் அரிக்கும். இங்கு ஓடும் ஸ்போர்ட்ஸ் காரில் எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் முள் நிலைகொள்ளாது துள்ளுவதற்கு அதுவும் ஒரு காரணமாகும்.

எண்ணெய் மெல்லச் சூடேறி மெல்ல ஆறும் இயல்பினது. ஆதலின், முள் கணப்பொழுதில் அடிக்கும் உச்சிக்கும் தாவுமாயின், குற்றம் எண்ணெயிலன்று, மின்னிணைப்பிலேயே. முன்விளக்கை ஏற்றியதும் முள் அசைந்தால், கருவிப் பலகையிலும் எஞ்சினிலும் உள்ள ஏர்த் கம்பி முனைகளைக் களிம்பு போகத் துலக்கி இறுக்குக.

முள் படிப்படியாக ஏறினாலோ, அதனை மெய்யெனக் கொண்டு வண்டியை நிறுத்துக. எண்ணெயின் அளவைப் பார்க்குக. பொய்யுரைக்கும் முள்ளைத் திருத்தாது விட்டால், அது மெய்யுரைக்கும் நாளிலும் நாம் நம்பமாட்டோம்; அன்று எஞ்சினே பாழாகும்.