கண்டவர் வந்தால் போதும்



லயத்தில் ஒருத்திக்கு அடி விழுந்தால், வழக்குக்கு நாங்கள் பத்துப் பேர் கிளம்பிவிடுகிறோம். கூண்டில் ஏறியதும், "அப்பிடித்தாங்க சொன்னாங்க" என்கிறோம். அது பொதுவாக எடுபடாது. அடித்ததைக் கண்ணால் கண்ட அக்காவோ, ஒருநாள் பேர் போய்விடுமே என்று கொழுந்தெடுக்கப் போய்விடுகிறார்.

1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 60ஆம் பிரிவுப்படி, கண்ட விசயத்தைக் கண்டவரே வந்து சொல்ல வேண்டும். 134ஆம் பிரிவுப்படி, இத்தனை சாட்சி வேண்டும் என்ற கணக்குக் கிடையாது. நீதிமன்றம் நம்பினால் ஒருவரே போதும்.

ஆகவே, கண்டதை மட்டும் சொல்வோம். தெரியாததைத் "தெரியாதுங்க" என்போம். அந்த அக்காவின் பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொள்ள, மற்றவர் அவரோடு பஸ் ஏறுவோம்.