தவ்பாவுக்கும் ஒரு பயணம் உண்டு





மது ஹராம் என்பதை நம்மில் அறியாதார் எவருமிலர். ஆகவே அதனை மீண்டும் நிறுவுவது இவ்வுரையின் நோக்கமன்று. குடியை விட விரும்பியும், பலமுறை தவ்பாச் செய்தும், விட இயலாமல் தவிக்கும் ஒரு சகோதரர் நயினாதீவிலோ, நெடுந்தீவிலோ, ஊர்காவற்றுறையிலோ இதனை வாசித்துக்கொண்டிருக்கலாம். அவருடைய மனைவியோ தாயோ வாசித்துக்கொண்டிருக்கலாம். இவ்வுரை அவர்களுக்குரியது.

நூறு உயிர்களைக் கொன்ற மனிதரின் வரலாற்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள ஹதீஸ் அது. தவ்பா உண்டா என்று அவர் ஓர் அறிஞரிடம் வினவினார். உண்டு என்று கூறியதோடு அந்த அறிஞர் நிறுத்திக்கொள்ளவில்லை. உமது ஊரை விட்டு, நல்லோர் வாழும் இன்ன ஊருக்குச் செல்லும் என்று வழியும் காட்டினார். அம்மனிதர் பாதி வழியில் இறந்தார். நல்லோரின் ஊருக்கு ஒரு சாண் அளவு நெருங்கியிருந்ததால் மன்னிக்கப்பட்டார். இதில் நமக்குள்ள பாடம் யாது? உள்ளம் திருந்தினால் மட்டும் போதாது, கூட்டாளிகளும் மாறவேண்டும். அதற்காக எடுத்து வைக்கும் அடியும் தவ்பாவைச் சேர்ந்ததே.

குடியிலிருந்து மீள்வோருக்கு அத்தகைய கூட்டம் ஒன்று உண்டு. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியால் சீரழிந்த இருவர் சந்தித்துத் தம் நிலையை ஒருவருக்கொருவர் மனம்விட்டுப் பேசினர். அதிலிருந்து பிறந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் அமைப்பு. இன்று இலங்கையிலும் அதன் குழுக்கள் கூடுகின்றன. கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. முழுப்பெயர் கேட்கப்படுவதில்லை, அங்கு கேட்டதை வெளியே சொல்லலாகாது என்பது ஒழுங்கு. முதல் நாளில் பேசாமல் அமர்ந்து கேட்டுவிட்டு வரலாம். இன்று ஒரு நாள் குடிக்காமலிருப்பது எவ்வாறு என்பதே அங்கு பேசப்படும். குடிப்பவரின் குடும்பத்தாருக்கென 1951இல் அல்-அனான் என்னும் தனி அமைப்பும் தோன்றியது.

பிற மதத்தவரோடு அமரலாமா என்று சிலர் ஐயுறுவர். வைத்தியசாலையில் அடுத்த கட்டிலில் படுத்திருப்பவரின் மதத்தை நாம் கேட்பதில்லை. அவ்வமைப்பு எந்த மதத்தையும் சார்ந்ததன்று. இறைவனிடம் உதவி தேடுங்கள் என்று அங்கு சொல்லப்படும்போது, நாம் அல்லாஹ்விடமே கையேந்துவோம்.

அக்கூட்டத்தைக் கண்டறிவது எப்படி? தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927, தேசிய மனநல உதவிச் சேவையின் 1926 ஆகிய இலக்கங்களை அழைத்து, அருகிலுள்ள குழு எது, எந்நாளில் கூடுகின்றது என்று கேளுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை ஆகியவற்றின் மனநலப் பிரிவுகளிலும், 1987 முதல் யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை வழங்கிவரும் சாந்திகம் நிறுவனத்திலும் விசாரிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. நீண்ட காலம் நாள்தோறும் மிகையாகக் குடித்தவர் வீட்டிலிருந்தபடி திடீரென நிறுத்துவது ஆபத்தானது. சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் மனக்குழப்பம் உண்டாகி உயிருக்கே ஆபத்து நேரலாம். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஆகவே நிறுத்துவதற்கு முன்னரே வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். தகுந்த மருந்தும் பீ1 விட்டமினும் தந்து அந்நாட்களைப் பாதுகாப்பாகக் கடக்க வைப்பார். அதன் பின்னர் வரும் மாதங்களுக்கே குழு தேவை.

எல்லாவற்றையும் விடப் பெரிய தடை வெட்கமாகும். சிறிய தீவில் படகேறும் எவரும் எங்கே பயணம் என்று கேட்கப்படாமல் தப்புவதில்லை. சுகயீனத்துக்கு மருந்து தேடிப் போகின்றேன் என்று சொல்லுங்கள். அது பொய்யன்று.

ஜமாஅத்தாருக்கும் ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அப்துல்லாஹ் என்பவர் மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்டார். ஒருவர் அவரைச் சபித்தபோது நபியவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்று கூறினார்கள். உமர் (ரலி) அவர்கள் வாயிலாக இச்செய்தி புகாரியில் உள்ளது. குற்றம் குற்றமாகவே இருந்தது. ஆனால் மனிதர் கைவிடப்படவில்லை. நம் சகோதரர் மீண்டவர் மறுபடி வழுக்கினாலும் ஏசாதீர்கள். அடுத்த கூட்டத்துக்குச் செல்லும் நாளில் இறங்குதுறை வரை உடன் செல்லுங்கள்; அவர் திரும்பும் வரை அவரது வீட்டைக் கவனியுங்கள்.

கடல் கடந்து வாரந்தோறும் செல்ல இயலாதவர் சோர்ந்துவிட வேண்டாம். அக்ரனில் தொடங்கியவர்கள் இருவரே. உங்கள் தீவிலும் மீள விரும்பும் இன்னொருவர் இருப்பார். இருவர் ஓரிடத்தில் அமர்ந்து உண்மை பேசினால், அதுவே குழுவின் தொடக்கமாகும்.

யா அல்லாஹ்! உன்னை நோக்கி ஒரு சாண் நகர விரும்புவோரின் பாதையை இலேசாக்குவாயாக! அவர்களது குடும்பங்களுக்கு நிம்மதியை அருள்வாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.