நாற்று அறைக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடந்த பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

 

வீட்டுக்குள் நாற்று வளர்ப்பதற்கு எல்.இ.டி. விளக்கை எந்த அளவில் வாங்குவது என்பது குறித்துப் பேசுமாறு எங்களைப் பணித்திருக்கிறார்கள். நாங்கள் பொறியியல் கற்றவர்கள் அல்லர். காய்கறி நாற்று விற்றுப் பிழைக்கும் எட்டுப் பேர். இந்த விஷயத்தில் ஒரு முறை பணத்தை இழந்தவர்கள் என்ற தகுதியே எங்களுக்கு உண்டு.

சூரியன் இவ்வளவு தாராளமாகக் காயும் நாட்டில் அறைக்குள் விளக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளி நாற்றங்கால் என்ன ஆகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். விதை முளைத்த மறு வாரமே தண்டு அழுகிச் சாய்கிறது. தை மாதம் நடுவதற்குத் தக்காளி நாற்றும் மிளகாய் நாற்றும் கேட்டு வருவோருக்கு இல்லை என்று சொல்ல நேருகிறது. அந்தச் சில வாரங்களைக் கடப்பதற்காகவே ஒரு காலி அறையை நாங்கள் நாற்று அறையாக்கினோம்.

குழுக் கடனாகப் பெற்ற தொகையில் ஒரு விளக்கு வாங்கினோம். பெட்டியின்மேல் 1000 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. ஆயிரம் வாட் ஆயிற்றே, அறை முழுவதற்கும் போதும் என்று அதைக் கூரையில் தொங்கவிட்டுத் தரையில் 24 குழித்தட்டுகளைப் பரப்பினோம். ஒரு தட்டில் 98 குழிகள். ஆக, 2,300க்கு மேற்பட்ட நாற்றுகள். பத்தாம் நாளில் அவை நூலைப்போல் நீண்டு, வெளிறி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. அஞ்சிப்போய் விளக்கை அரை அடி உயரத்துக்கு இறக்கினோம். நேர் கீழே இருந்த தட்டின் இலைகள் சுருண்டு வெளுத்தன. ஓரத்துத் தட்டுகள் முன்போலவே வாடின. அந்த ஆண்டு எங்களால் ஒரு நாற்றும் விற்க முடியவில்லை. கடன் தவணை மட்டும் தவறாமல் வந்தது.

பிறகுதான் எங்களில் ஒருவருக்கு அந்த யோசனை தோன்றியது. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அந்த விளக்கை மட்டும் பத்து மணி நேரம் எரியவிட்டு மீட்டரைப் பார்த்தோம். 1000 வாட் விளக்கானால் 10 யூனிட் ஓடியிருக்க வேண்டும். ஓடியது ஒரு யூனிட்டும் சிறிது கூடுதலும்! உண்மையில் அது 100 வாட் விளக்கு. விற்றவரைக் கேட்டதற்கு, "பழைய மாதிரி விளக்கு 1000 வாட்டுக்கு இது ஈடு" என்றார். ஆகையால், பெட்டியின்மேல் பெரிதாக உள்ள எண்ணை நம்பாதீர்கள். விளக்கு இழுக்கும் மின்சாரம் எவ்வளவு என்று கேளுங்கள். முடிந்தால் மீட்டரில் வைத்துப் பாருங்கள்.

மின்சார அளவு தெரிந்த பின்பும் வெளிச்ச அளவு தெரிய வேண்டும். கடையில் லூமன் என்று சொல்வது மனிதனுடைய கண்ணுக்குத் தோன்றும் வெளிச்சம். கண் பச்சை நிறத்தை மிகுதியாக உணர்கிறது; இலையோ சிவப்பையும் நீலத்தையும் பெரிதும் உட்கொள்கிறது. ஆகவே பயிருக்கு வேறு கணக்கு. அதை மழையோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். ஒளி துளித் துளியாக இலைமேல் விழுகிறது என்று கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும் துளிகளை மைக்ரோமோல் என்ற அளவால் சொல்கிறார்கள். இது மழையின் வேகம் போன்றது. நாள் முழுதும் விழுந்த மொத்தம், மழைமானியில் சேர்ந்த நீர் போன்றது. அதை மோல் என்பர். பயிருக்கு இரண்டும் முக்கியம். மெல்லிய தூறலும் நெடுநேரம் பெய்தால் குளம் ஓரளவு நிரம்புமல்லவா?

உச்சிவெயிலில் சதுர மீட்டருக்குச் சுமார் 2000 மைக்ரோமோல் விழுகிறது. நாற்றுக்கு அவ்வளவு தேவையில்லை. 150 முதல் 200 வரை போதும். 200 வீதம் 14 மணி நேரம் எரித்தால் நாளுக்கு 10 மோல் சேரும். கீரை வகைகளுக்கு 12 முதல் 17 மோல் வரை வேண்டும். தக்காளி காய்ப்பதற்கோ 20க்கு மேல் வேண்டும். அறைக்குள் தக்காளி காய்க்க வைக்கலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், மின்கட்டணத்தை அவரே செலுத்துவாரா என்று கேளுங்கள். காளான் குடிலுக்கு இந்த விளக்கு வேண்டியதே இல்லை. முளைப்பாரி போல் தட்டில் வளர்க்கும் மக்காச்சோளத் தீவனம் விதையில் உள்ள சத்தைக்கொண்டே ஒரு வாரத்தில் வளர்ந்துவிடும். அதற்கும் மிகக் குறைந்த வெளிச்சம் போதும். இவற்றுக்கு விலையுயர்ந்த விளக்கை யாரும் உங்கள் தலையில் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது எங்கள் அலமாரிக் கணக்கைச் சொல்கிறோம். ஒரு தட்டு 4 அடி நீளம், 2 அடி அகலம், சுமார் 0.74 சதுர மீட்டர். அதன்மேல் 20 வாட் எல்.இ.டி. குழல் விளக்குகள், ஒவ்வொன்றும் 2000 லூமன், ஆறு மாட்டியிருக்கிறோம். மொத்தம் 12,000 லூமன். வெள்ளை எல்.இ.டி. ஒளியில் சுமார் 70 லூமனுக்கு ஒரு மைக்ரோமோல் என்று வைத்துக்கொள்ளலாம். 171 வருகிறது. பக்கத்தில் சிதறுவதற்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து, பரப்பால் வகுத்தால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 185. நாற்றுக்குச் சரியான அளவு. லக்ஸ் மீட்டர் இருப்பவர்கள் இலை மட்டத்தில் வைத்து 10,500 முதல் 14,000 வரை காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். விளக்கு இலைக்கு மேல் முக்கால் அடி முதல் ஓர் அடி வரை இருக்கட்டும். பக்கங்களில் வெள்ளைத் தகடோ வெள்ளைத் துணியோ கட்டினால் சிதறும் ஒளி திரும்பி வரும்.

ஊதா நிற விளக்குதான் பயிருக்கு நல்லது என்பாரும் உளர். 1962இல் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி. பிறந்தது, பிரகாசமான நீலம் 1990களில்தான் வந்தது, அதற்காக ஜப்பானில் பிறந்த மூவருக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலத்திலிருந்தே இன்றைய வெள்ளை விளக்கு உண்டாகிறது. எங்களுக்கு வெள்ளையே பிடித்திருக்கிறது. இலையில் நோய் விழுந்தால் வெள்ளை ஒளியில்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

இனிச் செலவு. ஆறு விளக்கும் சேர்ந்து 120 வாட். 14 மணி நேரத்துக்கு 1.68 யூனிட். 25 நாள் முழுதும் எரித்தால் 42 யூனிட். அலமாரித் தட்டில் நான்கு குழித்தட்டுகளே கொள்ளும், 392 நாற்றுகள். அதாவது ஒன்பது நாற்றுக்கு ஒரு யூனிட். சாதாரணத் தக்காளி நாற்றின் விலையில் இது தாங்காது. இந்தக் கணக்கைப் போட்ட அன்று எங்களில் இருவர் அறையையே மூடிவிடலாம் என்றார்கள்.

மூடவில்லை, முறையை மாற்றினோம். முளைத்தபின் முதல் பத்து நாள் மட்டும் விளக்கு. அதற்குப் பிறகு மேலே பாலிதீன் போர்த்திய நிழல்வலைக் குடிலுக்கு மாற்றிவிடுகிறோம். மீதி வேலையை மேகத்தினூடே வரும் சூரியனே செய்துவிடுகிறது. இப்படிச் செய்தால் 392 நாற்றுக்கு 17 யூனிட்டில் முடிகிறது. சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டிய கத்தரி நாற்றுக்கு நல்ல விலை உண்டு. அதற்கும் இந்த அறை உதவுகிறது. ஒட்டு கூடும் வரை சுமார் ஒரு வாரம் அதற்கு மங்கிய ஒளியும் ஈரக் காற்றுமே வேண்டும். ஆறு விளக்கில் ஒன்றை மட்டும் எரியவிடுகிறோம். ஒவ்வொரு விளக்குக்கும் தனி சுவிட்சு வைத்தது இதற்காகவே.

ஊராட்சி நிதியிலோ குழுக் கடனிலோ இத்தகைய அறை அமைக்க எண்ணுவோருக்கு இன்னும் இரண்டொரு சொல். எல்.இ.டி. விளக்கும் சூடு விடும். மூன்று தட்டுகள் எரிந்தால் மூடிய அறையில் வெப்பம் ஏறும். காற்று வெளியேற்றும் விசிறி அவசியம். நாங்கள் இரவில் எரிக்கிறோம். தண்ணீர் தெளிக்கும் இடமாதலால் நில இணைப்பையும், கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சையும் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே அமையுங்கள். வீட்டு இணைப்பில் விற்பனைக்கு நாற்று வளர்க்கலாமா என்பதை முதலிலேயே மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அந்தப் பழைய விளக்கை நாங்கள் எறியவில்லை. ஒரு தட்டுக்கு மேல் இரண்டடி உயரத்தில் அது இன்று ஒழுங்காக வேலை செய்கிறது. அதன்மேல் இருந்த 1000 என்ற எண்ணில் ஒரு சுழியை அடித்துவிட்டு 100 என்று வண்ணத்தில் எழுதி வைத்திருக்கிறோம். வரும் ஐப்பசியில் விதை போடும்போது வந்து பார்க்க விரும்புவோர் வரலாம்; லக்ஸ் மீட்டரும் எங்களிடம் இருக்கிறது.