"தெரியாது" என்னும் பாடம்

(யூபிலி விழாவையொட்டி நடந்த ஆசிரியர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இளங்குருவாக வேறொரு கடலோர ஊரில் நான் பாடம் நடத்திய காலம். பௌர்ணமியன்று சந்திரன் இழுப்பதால் கடல்நீர் அதிகம் ஏறுகிறது என்று வகுப்பில் சொன்னேன். மீனவர் மகன் ஒருவன் எழுந்து, "அமாவாசையிலும் அப்படித்தானே ஏறுது, சாமி?" என்றான். எனக்கு விடை தெரியவில்லை. "உட்கார்!" என்று அதட்டிவிட்டேன்.

அடுத்த வகுப்பிலிருந்து இதைக் கேட்ட மூத்த ஆசிரியர், மாலையில் எல்லோரும் போனபின் என்னிடம் வந்தார். "எனக்கும் விடை தெரியாது, சாமி. வாங்க, விஞ்ஞான ஆசிரியரைக் கேட்போம்" என்றார். சூரியனும் பூமியும் சந்திரனும் அவ்விரு நாட்களிலுமே ஏறக்குறைய ஒரே கோட்டில் வருகின்றன. சூரியனின் இழுப்பும் சேர்வதால் இரண்டு நாளும் நீர் ஏறுகிறது என்று அன்று கற்றேன். மறுநாள் வகுப்பில் அந்தப் பையனிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன்.

அந்தப் பெரியவர் என்னைப் பிறர்முன் கண்டிக்கவில்லை. தம் அறியாமையையும் என்னுடையதோடு சேர்த்துக்கொண்டார். அதனால்தான் நான் திருந்தினேன்.

பெரும் புலவர்களும் இவ்வாறே வளர்ந்தார்கள். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஓய்வுபெற்ற தியாகராச செட்டியார், தம் இடத்துக்கு இளைஞரான உ. வே. சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர்கள். அதே ஆண்டில் சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று ஐயரைக் கேட்டார். இல்லை என்று ஐயர் ஒப்புக்கொண்டார். பின்னர் அந்நூலிலுள்ள சமணக் கருத்துகள் விளங்காதபோது, அவ்வூர்ச் சமணர்களிடமே போய்க் கேட்டுத் தெளிந்தார். 1887-இல் சிந்தாமணி அவர் பதிப்பில் அச்சேறியது. "இல்லை" என்ற அந்த ஒரு சொல்லில் தொடங்கிய வேலை அது.

2010-இல் தொடங்கப்பெற்ற தேசியத் தொழில்நுட்பக் கழகம் இன்று நம்மூரிலேயே இயங்குகிறது. நம் பிள்ளைகள் அங்கே படிக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறோம். அதற்கு, கேள்வி கேட்க அஞ்சாத பிள்ளைகள் வேண்டும்.

ஆகவே மூத்த ஆசிரியர்களே, புதிதாக வந்தவரை உங்கள் வகுப்பில் வந்து அமர அழையுங்கள். அவர் வகுப்பிலும் போய் அமருங்கள். பெற்றோர்களே, "தெரியாது, நாளை சொல்கிறேன்" என்னும் ஆசிரியரை ஏளனம் செய்யாதீர்கள். கடலை முழுதும் அறிந்தேன் என்று நம் மீனவர் எவரும் சொல்வதில்லையே! நம் அனைவருக்கும் ஆசானாகிய ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக.