விரல் தந்த பொறி

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். பொறியியலைப் பற்றிப் பேச இவனுக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். நாடகம் எழுதுகிறவன் என்ற தகுதி உண்டு. நான் சொல்லவிருக்கும் கதையின் தலைமைப் பாத்திரமே ஒரு பொய்க்கை!

2011ஆம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவிலே ரிச்சர்ட் வான் ஆஸ் என்னும் தச்சர், ரம்ப இயந்திரத்தில் வலக்கை விரல்களைப் பறிகொடுத்தார். உளி பிடித்த கை. உலை கொதிக்க வைத்த கை! செயற்கை விரலுக்கு விலை கேட்டார், எட்டாத விலை. சோர்ந்தாரா? இல்லை. தேடினார். அமெரிக்காவில் ஐவன் ஓவன் என்பவர் விழா வேடத்துக்காகச் செய்த இயந்திரக் கையை இணையத்திலே கண்டார், கடிதம் எழுதினார். கடலுக்கு இருபுறமும் இருந்து இருவரும் உழைத்தனர். ஆளுக்கொரு முப்பரிமாண அச்சுப்பொறி கிடைத்தது. ஒருவர் வரைவார், மற்றவர் தம் இடத்திலேயே அச்சிட்டுப் பார்ப்பார். நாட்கணக்கில் இழுத்த திருத்தங்கள் மணிக்கணக்கில் முடிந்தன. விரல்களின்றிப் பிறந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் பொருளைப் பற்றிப் பிடித்தான்! 2013இல் அந்த வரைபடத்தை உலகுக்கே இலவசமாய் வழங்கினர்.

முப்பரிமாண அச்சு என்றால் மருள வேண்டா. முறுக்குப் பிழியும் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். மாவுக்குப் பதில் உருகிய பிளாஸ்டிக் இழை. கைக்குப் பதில் கணிப்பொறி. அடுக்கின்மேல் அடுக்காக இழை படிந்து பொருள் உருவாகிறது.

இத்தனை எளிய வித்தை ஏன் இத்தனை காலம் எளியோர் வீட்டை எட்டவில்லை? பூட்டு இருந்தது, தோழர்களே! அமெரிக்கரான ஸ்காட் கிரம்ப் 1989இல் விண்ணப்பித்துப் பெற்ற காப்புரிமை, 2009இல்தான் முடிவுற்றது. கண்டறிந்தவருக்குப் பயன் வேண்டாமா? வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இன்னொருவரையும் பாருங்கள். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்து ஏட்ரியன் போயர், தன் பிளாஸ்டிக் உறுப்புகளைத் தானே அச்சிடும் பொறிக்கு 2005இல் திட்டம் வகுத்தார். 2008இல் அந்தப் பொறி தன் சேயை ஈன்றது. வரைபடத்தை அவர் விற்கவில்லை, வழங்கினார். பூட்டும் திறந்தது, புலமையும் பகிர்ந்தது. பல்லாயிரம் டாலர் விலை, சில நூறு டாலராய் இறங்கிற்று. 2020இல் கொரோனா கொடுமை சூழ்ந்தபோது, பல நாடுகளில் மக்கள் தம் வீட்டு மேசையிலேயே முகத்தடுப்புகளைச் செய்து மருத்துவமனைகளுக்கு அனுப்பினர்.

தீமையே இல்லையா? உண்டு. 2013இல் அமெரிக்காவில் ஒருவர் இதே முறையில் துப்பாக்கி செய்து, வரைபடத்தையும் வெளியிட்டார். அடுப்பில் எரிவதும் நெருப்பு, கூரையில் எரிவதும் நெருப்பு. கூரைக்குக் காவல் வைப்போம். அதற்காக அடுப்பை அவிப்போமா?

எனக்குள்ள அச்சம் வேறு. வரைபடம் இலவசம், அதைப் படித்தறியும் படிப்பு? பொறியின் விலை குறைந்தது. கணிப்பொறி இல்லாத குடிசையில் அதை எங்கே பொருத்துவது? விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தால், தறியோட்டியின் மகளுக்கு அது இன்னொரு பூட்டு அல்லவா? 2016இல் தொடங்கிய அடல் ஆய்வுக்கூடத் திட்டம் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு இப்பொறியைக் கொண்டு சென்றது, நல்லது. கிடைக்காத பள்ளியின் பிள்ளை என்ன பிழை செய்தான்?

கருவி ஒருவன் கையிலும் உழைப்பு மற்றவன் கையிலும் இருந்ததால் விளைந்ததே ஆண்டான் அடிமை நிலை. இன்று கருவி மலிந்திருக்கிறது. மலிந்தது மக்களுக்கு உரியதாக வேண்டுமானால், ஊர்தோறும் பள்ளியில் ஒரு பொறி வேண்டும். தமிழிலே ஒரு விளக்கநூல் வேண்டும். தொட்டுப் பார்க்கப் பிள்ளைக்கு உரிமை வேண்டும்.

விரல் இழந்த தச்சர் உலகுக்கு விரல் தந்தார். பத்து விரலும் படைத்த நாம் என்ன தரப் போகிறோம்?