நின்றதா, நிறுத்தியதா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துக் கார்த் தொழிற்சாலைகளில் பயிற்சிக்குச் செல்லும் உங்களுள் சிலர், ஷிப்டு முடிவில் ஆங்கிலத்தில் குறிப்பெழுத நேரலாம். அங்கே ஓர் இடர் உண்டு. தமிழில் நில், நிறுத்து, ஓடு, ஓட்டு, திரும்பு, திருப்பு எனத் தன்வினைக்கும் பிறவினைக்கும் சொல்லே வேறுபடும். ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் 'ஸ்டாப்' ஒன்றேதான். வேறுபாட்டைக் காட்டுவது செயப்படுபொருள். 'ஐ ஸ்டாப்ட் தி மெஷின்' என்பது செயப்படுபொருள் குன்றா வினை. 'தி மெஷின் ஸ்டாப்ட்' என்பது குன்றிய வினை. நிறுத்தியவர் அவ்வாக்கியத்தில் இல்லை. நீங்கள் நிறுத்தியதை அவ்வாறு எழுதிவிட்டால், பழுது பார்ப்பவர் இல்லாத கோளாற்றைத் தேடி அலைவார்.

ஆங்கிலத்திலும் பழைய இணைகள் சில எஞ்சியுள்ளன. 'ரைஸ்' எழுதல்; 'ரெய்ஸ்' எழுப்புதல். 'லை', 'லே' என்னும் இணையில் ஆங்கிலேயரே தடுமாறுவர். 'லை'யின் இறந்தகாலமும் 'லே' அல்லவா?