பிரசிய நீலமும் மலிவு மின்கலமும்



கடலுப்பில் மலிந்து கிடப்பது சோடியம். ஆகலின் சோடிய மின்கலமும் மலிவாகவே அமையும் என ஒரே தாவலில் முடிவு கட்டுவார் பலர். மின்கலத்தின் விலையைப் பெரிதும் உயர்த்துவது நேர்மின்வாய்ப் பொருளே. அதனுள் கோபால்ட்டும் நிக்கலும் புகுந்துவிடின், உப்பின் மலிவால் விளையும் ஊதியம் யாது?

இரும்பைக் கொண்டே அவ்வாயை அமைக்கும் வழி பழஞ்சாயம் ஒன்றில் கிடைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் பிறந்த பிரசிய நீலமே அச்சாயம். அக்குடும்பப் பொருள்கள் சோடியத்தை ஏற்றும் விடுத்தும் மின்கலத்தில் பணிபுரிவதை, 2012-இல் அமெரிக்காவின் தெக்சாசுப் பல்கலைக்கழகத்துச் சான் குடினஃபின் குழுவினர் காட்டினர். இரும்பணுக்களைச் சயனைடுப் பாலங்கள் இணைப்பதால் அதன் படிகம் அகன்ற அறைகள் கொண்ட கூடாகிறது. அவ்வறைகளே சோடிய அயனிகளின் தங்குமிடம். அறைகள் சோடியத்தால் நிறையுங்கால் நீலம் நீங்கி வெண்மை தோன்றும். அவ்வெண்பொருளின் கோட்பாட்டுக் கொள்ளளவு கிராமுக்கு ஏறத்தாழ 170 மில்லியாம்பியர்-மணி.

செய்முறை எளியது போலத் தோன்றும். சோடியம் பெரோசயனைடுக் கரைசலில் இரும்புப்புக் கரைசலை ஊற்றியவுடன் வீழ்படிவு தோன்றும். அவ்விரைவே கேடு! விரைந்து விளைந்த படிகத்தில் பெரோசயனைடு இருக்கவேண்டிய இடங்கள் வெற்றிடங்களாகின்றன. அங்கே நீர் குடிபுகுகிறது. சோடியத்தின் அளவு குறைகிறது. ஆகவே, சிட்ரேட்டு இரும்பைப் பற்றிக்கொண்டு சிறிதுசிறிதாக விடுக்குமாறு செய்வர். கரைசலில் சோடிய உப்பை மிகுதியாகச் சேர்ப்பர். இரும்பு காற்றுப்பட்டு உயிர்வளியேறாதபடி நைட்டிரசன் சூழலில் வைப்பர். படிகம் மெல்ல வளர்கிறது, குறையும் குறைகிறது. ஆயின் நேரம் நீளும். தொழிற்சாலைக்கு நேரமும் விலையே.

பெரோசயனைடு ஒன்றையே காடியில் சூடாக்கி மெல்லச் சிதைப்பது மற்றொரு வழி. நல்ல படிகம் கிடைக்கும். உடன் கொடிய ஐதரசன் சயனைடு வளியும் எழும். தொழிலாளியின் மூச்சைப் பணயம் வைக்கும் மலிவு எவ்வகை மலிவு? அவ்வளியை அடக்கும் செலவையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

எஞ்சுவது உலர்த்தல். மாங்கனீசு சேர்ந்த உறவுப்பொருளின் அறைநீரை வெற்றிடச் சூட்டில் நீக்கியபோது, இருபடியாக இருந்த மின்னழுத்தம் ஏறத்தாழ 3.5 வோல்ட்டில் ஒரே மட்டமாயிற்று. இது 2015-இல் வெளிவந்த ஆய்வு. உலர்ந்த தூளோ காற்றின் ஈரத்தை மீண்டும் உறிஞ்சும். ஆதலால் மின்வாயாகப் பூசி, கலத்துள் அடைத்து மூடும் வரை அதனை ஈரம் படாமற் காத்தல் வேண்டும்.